வந்தாறுமூலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகிச் சில நாட்கள் கழிந்ததும், எம் போன்ற ஆசிரியர்களின் வீட்டு விறாந்தைகளிலே ஒரு கூட்டம் சேரத் தொடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைக் கக்கத்தில் இடுக்கிய வண்ணம் தந்தையர் வருவர். பின்னே பிள்ளை தலைகுனிந்து நிற்கும். எதை முதலாவதாகப் போடுவது, எதைக் கடைசியில் தள்ளுவது என்பதே எல்லோரது வினாவும். இவ்வினாவுக்குப் பல ஆண்டுகளாக விடை கூறி வந்ததில் நாம் கண்டது ஒன்றுண்டு. எந்தப் பாடநெறி என்று கேட்போர் சிலர். எந்த ஊர் என்று கேட்போரே பலர். கொழும்பு, பேராதனை என்றால் முகம் மலரும். வந்தாறுமூலை என்றால் அதே முகம் சற்றே சுருங்கும். கிழக்கு மாகாணத்திலே பிறந்து, அதன் சோற்றை உண்டு வளர்ந்தோரின் முகமே அவ்வாறு சுருங்குவதுதான் எமக்கு வியப்பு.

சில ஆண்டுகளுக்கு முன், படுவான்கரையைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் தம் மகளுடன் எம்மிடம் வந்தார். பெண் உயிரியற் பிரிவிலே படித்தவள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. "சேர், விவசாயம்தான் கிடைக்குமெண்டு சொல்றாங்க, அதுவும் வந்தாறுமூலையில. வயல் செய்யிறதுக்கு எதுக்கு சேர் கெம்பஸ்? அதை நானே சொல்லிக் குடுப்பனே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் மகள் சிரிக்கவில்லை.

அவருக்கு அன்று நாம் கூறியவற்றையே வாசகர்க்கும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிழக்கு மாகாணத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் இருந்ததில்லை. பட்டம் பெற விரும்பிய மட்டக்களப்புப் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்கோ பேராதனைக்கோ, 1974 இன் பின் யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டியிருந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுள், பெண்களுள், எத்தனை பேர் அப்பெட்டியைக் கட்டாமலே நின்றிருப்பர் என்பதை யார் கணக்கெடுத்தார்? 1978 நவம்பரிலே வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் வீழ்த்திச் சென்றது. அவ்வடு ஆறுமுன்னரே, 1981 ஓகஸ்ட் முதலாந் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமுமே முதலில் இருந்த பீடங்கள். 1986 ஒக்டோபர் முதலாந் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இலவசக் கல்வி கொணர்ந்த மத்திய பாடசாலை ஒன்றின் மடியிலேயே பல்கலைக்கழகமும் பிறந்தது பொருத்தமே.

அதன் வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. 1990 ஆம் ஆண்டிலே சுற்றுக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வளாகத்துக்குள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். செப்டெம்பர் மாதத்தில் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அவ்வளாகத்தினூடே நடக்கும் போதெல்லாம் அந்நினைவு எம்மைத் தொடரும். அத்தகைய காலங்களையுந் தாண்டி அங்கே விரிவுரைகள் நடந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன.

இன்று அங்கே என்ன கற்கலாம்? மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி கடந்து சென்றால் வருவது வந்தாறுமூலை வளாகம். விவசாயம், விஞ்ஞானம், வர்த்தக முகாமைத்துவம், கலை கலாசாரம் ஆகியவை அவ்வளாகத்தின் பழைய பீடங்கள். உயிர்முறைமைத் தொழினுட்பம் பின்னர் வந்தது. மருத்துவமும் தாதியியலுங் கற்பிக்கும் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தார் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே பயிற்சி பெறுகின்றனர். "மட்டக்களப்பிலே டொக்டருக்குப் படிக்கலாமா?" என்று இன்றுங் கேட்போர் உளர். படிக்கலாம், படித்து வெளிவந்தோர் வைத்தியர்களாகக் கடமையாற்றுகின்றனர்.

நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புவன வேறு இரண்டு. ஒன்று, நிலாவெளிக் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்துச் சித்த மருத்துவம். இலங்கையிலே சித்த மருத்துவப் பட்டம் வழங்கப்படும் இடங்கள் இரண்டேதாம். ஒன்று யாழ்ப்பாணம், மற்றது இது. ஐந்தாண்டுக் கல்வியும் அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. பரம்பரை வைத்தியரின் ஏட்டுப் பெட்டியிலே பூச்சி அரித்துக்கொண்டிருந்த அறிவு, உடற்கூற்றியலோடும் உடற்றொழிலியலோடும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கின்றது. இதனை மருத்துவ பீடம் கிடையாதவர்க்கு ஓர் ஆறுதற் பரிசு என எண்ணுவது அறியாமை.

மற்றது, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை என்பன அங்கே பட்டத்துக்குரிய பாடங்கள். யாழ் நூலை ஆக்கி 1947 இலே வெளியிட்டு, அவ்வாண்டே மறைந்த அடிகளாரின் சமாதி அதே கல்லடியில் இருக்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராயிருந்தவரின் பெயரால், அவர் பிறந்த மாகாணத்திலேயே கூத்தும் இசையும் கற்பிக்கப்படுவதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இங்கே புகுவதற்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. செயன்முறைத் தேர்விலும் தேறவேண்டும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் தேர்வு அறிவித்தலைக் கவனியாது விட்டோர் இடத்தை இழப்பர்.

இனி, அனுமதி முறைபற்றி ஒரு வார்த்தை. கலைப்பிரிவுப் பாடநெறிகளுக்கு நாடளாவிய திறமையே அளவுகோல். ஏனையவற்றின் பெரும்பாலானவற்றில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் பின்தங்கியவற்றுள் அடங்கும். மாணவர் குறித்த வரிசைப்படியே பார்த்து, அவரது இசட் புள்ளி எட்டும் முதலாவது பாடநெறி வழங்கப்படும். ஆகவே, மிக விரும்பியதை முதலிற் குறிப்பதால் நட்டமில்லை. குறிக்காது விட்டதோ, எவ்வளவு புள்ளியிருந்தாலும் கிடையாது. எம்மிடம் படித்த மாணவனொருவன், யாரோ சொன்னதைக் கேட்டு, பெரிய பெயர்கள் நாலைந்தை மட்டும் எழுதி அனுப்பினான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கு அவனது புள்ளி தாராளமாகப் போதும். அவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஓராண்டு வீணாயிற்று. அவன் எழுதிய வரிசையை அனுப்பு முன் நாம் பார்க்காது விட்டது எமது குற்றமும் ஆகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பாடநெறியிற் பதிவு செய்தபின் மறுவருடம் வேறொன்றுக்கு விண்ணப்பிக்க இடமில்லை. பரீட்சைக்கு மூன்று முறையே தோற்றலாம். "இப்போதைக்குச் சேர்ந்துகொள், பிறகு பார்க்கலாம்" என்று பிள்ளைக்கு யோசனை கூறும் மாமன்மார் இதை நினைவிற் கொள்வாராக.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம் யாவும் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே படித்த பிள்ளை முதல் மாதங்களில் விரிவுரை மண்டபத்திலே காதிருந்தும் கேளாதவனாய் இருப்பான். பரீட்சை முடிந்து அனுமதி வருமட்டும் உள்ள நீண்ட மாதங்களை எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே கழிக்கின்றனர். அக்காலத்தில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்திருந்தால் அச்சத்திற் பாதி நீங்கியிருக்கும். இதனைப் பிள்ளைக்குச் சொல்வதிலும் பார்க்கப் பெற்றோர்க்குச் சொல்வதே நலம். பகிடிவதை என்னும் பீடையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் பீடை முற்றாய் ஒழிந்ததென்று எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சொல்ல நமக்குத் துணிவில்லை. பிள்ளை வாய்திறந்து பேசும்படி வீட்டில் இடமிருக்க வேண்டும்.

உத்தியோக விடயமும் அத்தகையதே. 2017 ஆம் ஆண்டிலே வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரின் வீதியோரத்திலே பல நாட்கள் அமர்ந்திருந்த காட்சியை நாம் மறக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தை மட்டும் நம்பிப் பட்டம் பெறுவோர், எந்தப் பல்கலைக்கழகத்திற் பெற்றாலும், அவ்வரிசையிலே சேரக்கூடும். கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோர்க்கு 1981 இலே தொடங்கிய மகாபொல நிதியோ வேறு உதவிப்பணமோ கிடைக்க வழியுண்டு. ஆயினும் நாலாண்டு இளமை இலவசமன்று. எனவே ஊரைப் பார்த்தல்ல, அந்நாலாண்டில் பிள்ளை எதைக் கற்கப் போகின்றது என்பதைப் பார்த்தே வரிசையை எழுதவேண்டும் என்றோம்.

கமக்காரர் நெடுநேரம் பேசாதிருந்தார். "வாவி ஓரத்து வட்டையில ரெண்டு ஏக்கர் உவர் பிடிச்சிக் கிடக்கு சேர். அதுக்கு மருந்து படிப்பிப்பாங்களா?" என்று கேட்டார். மண் வேதியியல் என ஒரு பாடம் இருக்கின்றது என்றோம். மகள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் விவசாய பீடத்திற் சேர்ந்தாள். இறுதியாண்டிலே ஒருநாள் செங்கலடிச் சந்தியில் தந்தையைக் கண்டோம். பெரும்போக விதைப்புக்கு முன்னர் மகள் வந்து, அந்த இரண்டு ஏக்கரிலும் வெவ்வேறிடத்து மண்ணைத் தோண்டி, ஒவ்வொரு பைக்கும் பெயரெழுதிக் கட்டிக்கொண்டு வளாகத்துக்குப் போயிருக்கிறாளாம். "எனக்கே கேள்வி கேக்கிறாள் சேர், எந்த வரிசம் தண்ணி ஏறினதெண்டு!" என்றார். அம்முறை அந்த இரண்டு ஏக்கரையும் விதைக்காமல் விட்டிருந்தார். சோதனை முடிவு வரட்டும் என்று மகள் சொல்லிவிட்டாளாம்.