பிக்குலும் நியூட்டனும்



கிள்ளான் சந்தையில் பாட்டியார் "ஒரு காத்தி மீன்" என்று கேட்பதைச் செவியுற்றிருப்பீர்கள். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. அதற்கு முன்னர் வழங்கியவை தாயில், காத்தி, பிக்குல் என்பன. 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி ஏறக்குறைய 605 கிராம். ஒரு பிக்குல் 60.5 கிலோகிராம். மலாய் மொழியில் 'பிக்குல்' என்பதற்குத் தோளில் சுமத்தல் என்று பொருள். மனிதன் சுமக்கும் பாரமே அளவாயிற்று!

தோளை அழுத்துவது யாது? பூமி அப்பொருளை ஈர்க்கும் விசையே. விசையின் அலகு நியூட்டன். அறிஞர் ஐசக் நியூட்டன் நினைவாக அப்பெயர் 1948இல் அனைத்துலக அளவில் ஏற்கப்பட்டது. ஒரு கிலோகிராம் பொருளைப் பூமி ஏறக்குறைய 9.8 நியூட்டன் விசையுடன் ஈர்க்கிறது. ஆகவே, கிலோகிராமை 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும், நியூட்டனை 9.8ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். ஒரு பிக்குல் மூட்டை தோளை அழுத்தும் விசை: 60.5 × 9.8 = 593 நியூட்டன்.

சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கே. அங்கு அம்மூட்டை ஏறத்தாழ 99 நியூட்டன் விசையுடன்தான் அழுத்தும். எனினும், மூட்டையிலுள்ள அரிசி ஒரு மணியும் குறையாது.

பெற்றோர்களே! பால் நிறுத்துக் கூலி பெறுவோர்க்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 10 கிலோ பாலை 10 காத்தி என்று எழுதிவிட்டால், ஏறக்குறைய 4 கிலோ பாலுக்குரிய உழைப்பு வீணாகும். அலகை அறிந்தவரே தம் உழைப்பின் அளவை அறிவார்.