சுழலும் தட்டோ, சுழலாச் சேமிப்போ?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை நெசவாளர் வாழும் ஊர். அவ்வட்டாரத்துத் தறிகளின் மேல் அமைந்த ஜக்கார்டையும், அதனிற் கோத்த துளையிட்ட அட்டைகளின் தொடரையும் கண்டோர் பலர். துளையுள்ள இடத்தில் கொக்கி பாவிழையை உயர்த்தும். இல்லாத இடத்தில் உயர்த்தாது. 1804-இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் செம்மைப்படுத்திய இம்முறையே, ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டு குறிகளால் ஒரு செய்தியைச் சேமித்து வைக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கிலும் துளையட்டைகளே பயன்பட்டன. இன்று அட்டையின் பணியைக் கணினியின் சேமிப்புக் கருவி ஏற்றுள்ளது.

புடவைக்கு டிசைன் வரைவோர்க்கும், கணினி வாங்கப் புகும் நம் மாணவர்க்கும் எழும் ஐயம் ஒன்றே. விரைந்து சுழலும் ஹார்டு டிஸ்க் கொள்வதா, எஸ்.எஸ்.டி. கொள்வதா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல, அவற்றின்மேல் ஒரு முனை நகர்ந்து எழுதவும் படிக்கவும் வல்ல கருவி. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதற்கருவி, 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு 50 லட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இக்காலத்து மேசைக் கணினியின் தட்டு நிமிஷத்திற்கு 7,200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்டு ஆதலின், வேண்டிய இடம் முனையின்கீழ் வருதற்குச் சராசரி 4.17 மில்லி செகண்டு காத்திருத்தல் வேண்டும். முனை நகரும் காலத்தையும் கூட்டின் ஏறக்குறைய 12 மில்லி செகண்டாகும். 2000-ஆம் ஆண்டில் 15,000 சுழற்சியுடைய தட்டுகளும் வந்தன. எனினும் அவற்றிலும் சுழற்சிக்கெனக் காத்திருக்கும் காலம் 2 மில்லி செகண்டுக்குக் குறைந்திலது.

எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதும் நகர்வதும் இல்லை. 1980-களில் தோஷிபா நிறுவனத்து மசுவோக்கா என்பார் கண்ட பிளாஷ் நினைவகத்தில், நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டமே செய்தியாகின்றது. ஓரிடத்தைப் படிக்க ஏறக்குறைய 0.1 மில்லி செகண்டே செல்லும். சிதறிக் கிடக்கும் பதினாயிரம் சிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதாயின், தட்டிற்கு இரண்டு நிமிஷம். இதற்கு ஒரு செகண்டு. கணினி தொடங்குங்கால் நிகழ்வது இத்தகைய படிப்பேயாகலின், சுழற்சியை எத்துணை மிகுத்தாலும் தட்டு இதற்கு ஈடாகாது.

எனின், தட்டு பயனற்றதோ? அன்று. ஒரே பணத்திற்கு மிகுந்த இடம் தருவது அதுவே. இடம் எத்துணை வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம். 240 கொக்கியும் 480 அட்டையும் கொண்ட ஒரு டிசைனில் 1,15,200 ‘உண்டு, இல்லை’கள் உள்ளன, இவை 14,400 பைட்டுகளில் அடங்கும். ஆயிரம் டிசைன்களும் ஒரு சிறு மூலையிற் கிடக்கும். இடத்தை விழுங்குவன பழம்புடவைகளின் நிழற்படங்களும், சலனப் படங்களுமே.

இரண்டற்கும் குறையுண்டு. சுழலும்போது தட்டு அடிபட்டால் முனை உராய்ந்து பழுதாகும். ஆதலின் விசைத்தறியின் அதிர்ச்சி படும் இடத்தில் அதனை வைத்தல் தகாது. எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும்; ஆயினும் அதன் அறைகள் அழித்து எழுதுந்தோறும் தேயும். பொதுவாக வேலை செய்வோர்க்கு அத்தேய்வு அச்சந்தருவதன்று. அது முன்னறிவிப்பின்றி ஓய்ந்துவிடுதலும், அதில் அழித்த கோப்பை மீட்டல் பெரும்பாலும் இயலாமையுமே கருதத்தக்கன. மின்சாரமின்றி நெடுங்காலம் பெட்டியில் இட்டு வைப்பதற்கும் அது ஏற்றதன்று.

ஆதலின் யாம் துணிவது இது: கணினி இயங்கவும் அன்றாட வேலைக்கும் அளவான எஸ்.எஸ்.டி. ஒன்று, படங்களைத் தொகுத்து வைக்க 5,400 அல்லது 7,200 சுழற்சியுடைய பெரிய தட்டு ஒன்று. மிகு சுழற்சிக்கென மிகு விலை கொடுத்தல் வேண்டா. பணம் ஒன்றற்கே போதுமாயின் எஸ்.எஸ்.டி.யைக் கொள்க.

எதனைக் கொள்ளினும், ஒரு படியோடு அமைதல் கூடாது. அட்டை கிழிந்தால் அதனைப் பார்த்து வேறோர் அட்டை துளைக்கலாம். கெட்ட கருவியிலிருந்த ஒற்றைக் கோப்பைப் பார்த்து எழுத ஒன்றும் எஞ்சாது. ஒரு குடும்பம் பல்லாண்டு வரைந்த டிசைன்களாயினும், ஒரு மாணவர் ஓராண்டு உழைத்த ஆராய்ச்சியாயினும், மற்றொரு படி வேறொரு கருவியில், வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கருவி வாங்கும் அன்றே இரண்டாம் படிக்கும் பணம் ஒதுக்கிக்கொள்க.