பிழை இறுவட்டிலா, பொறியிலா?

மாலை வேளை. பாடங்களை முடித்த சிறுவன் ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, விளையாட்டுப் பொறியினுள் இறுவட்டொன்றை இடுகின்றான். பொறி உறுமுகின்றது, உள்ளே ஏதோ தட்டுப்படும் ஓசை இரண்டொரு முறை கேட்கின்றது, பின்னர், இறுவட்டை வாசிக்க முடியவில்லை என்னும் அறிவித்தல் திரையிலே தோன்றுகின்றது. சிறுவன் அதனை வெளியே எடுத்து, சட்டையிலே துடைத்து, மீண்டும் இடுகின்றான். அதே அறிவித்தல். இனி வீட்டிலே எழும் கேள்வி, இதைக் கீறியவர் யார் என்பதேயாம். பழி பெரும்பாலும் தம்பியின் தலையிலே விழும். குற்றம் அந்தப் பொறியினுடையதே என்பது பல மாதங்களின் பின்னர் தெரியவருவதுமுண்டு.

பழியை உரிய இடத்திலே சுமத்த வேண்டுமாயின், இறுவட்டு எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிராமபோன் இசைத்தட்டைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. அங்கே ஊசியானது தட்டின் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றது. ஓடுந்தோறும் ஊசியும் தேய்கின்றது, தட்டும் தேய்கின்றது. இறுவட்டிலோ தொடுதல் என்பதே இல்லை. 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள, பொலிகாபனேற்று என்னும் தெளிந்த பிளாஸ்ரிக் தட்டிலே, கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகள் சுருள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின்மீது கண்ணாடிக்கு இரசம் பூசினாற்போல மெல்லிய உலோகப் பூச்சொன்று உண்டு. கீழிருந்து லேசர் ஒளிக்கதிர் ஒரு வில்லையினாற் குவிக்கப்பட்டு அக்குழிகளின்மீது விழுகின்றது. திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வே எண்களாகி, ஆட்டமாக விரிகின்றது.

இவ்வரிசைகளின் நெருக்கம் வியப்புக்குரியது. சீடி வகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 1.6 மைக்ரோமீற்றர், டிவிடி வகையில் 0.74, பின்வந்த புளூ-ரே வகையில் 0.32. தலைமயிர் ஒன்றின் தடிப்பினுள்ளே சீடியின் முப்பது வரிகளுக்கு மேல் அடங்கும் என்றால், வில்லையைச் சுமந்து செல்லும் சிறு வண்டி எத்துணை நுட்பமாக நகர வேண்டும் என்பது விளங்கும்.

இத்துணை நுட்பமான பொருள் ஒரு கீறலோடே கெட்டுப்போகாதா என்ற ஐயம் எழலாம். அவ்வாறு கெடாமைக்குக் காரணம் ஒரு கணிதம். ஏர்விங் றீட், குஸ்ராவ் சொலமன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டிலே வெளியிட்ட முறையின்படி, மூல எண்களோடு துணை எண்கள் சிலவும் சேர்த்துப் பதியப்படுகின்றன. மேலும், அடுத்தடுத்து வரவேண்டிய எண்கள் ஒரே இடத்திற் குவியாமற் கலைத்துப் பரப்பப்படுகின்றன. ஆதலின் ஓரிடம் அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கொண்டு இழந்ததை மீளக் கணித்துவிடலாம். இசைச் சீடியொன்றிலே வரியின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளம் முற்றாக மறைந்தாலும் இம்முறை ஈடுசெய்துவிடும்.

ஆனால், கீறலின் நீளத்திலும் அதன் திசையே முக்கியமானது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறல் ஒவ்வொரு வரியையும் குறுக்கே ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டுகின்றது. கணிதம் அதனைச் சமாளித்துக்கொள்ளும். வட்டத்தின் வழியே ஓடும் கீறலோ ஒரே வரியைத் தொடர்ந்து மறைக்கின்றது. அங்கே கணிதமும் கைவிட்டுவிடும். இறுவட்டைச் சுற்றிச் சுற்றித் துடைக்கலாகாது, நடுவிலிருந்து வெளிப்புறமாக மென்துணியாற் துடைக்க வேண்டும் என்பது இதனாலேயே. பற்பசை பூசித் தேய்ப்போரும் உளர். மேலோட்டமான கீறல் சில வேளை அதனால் மழுங்குவதுண்டு. புதிய கீறல்கள் தோன்றுவதும் உண்டு.

வேறொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. மினுங்கும் அடிப்பக்கத்தையே எல்லாரும் பொத்திப் பொத்திப் பேணுகின்றனர். சீடி வகையில் உண்மையான உயிர்நிலை படம் அச்சிட்ட மேற்பக்கத்திலேயே உள்ளது. அடிப்பக்கத்திலே பிளாஸ்ரிக்கின் முழுத் தடிப்பும் காவலாக நிற்க, மேற்பக்கத்திலே மெல்லிய மெழுகெண்ணெய்ப் பூச்சொன்றே உலோகப் படையைக் காக்கின்றது. அதிலே பேனாமுனை ஆழப் பதிந்துவிட்டால் எந்த மெருகூட்டலும் பயன்படாது. டிவிடி வகை 0.6 மில்லிமீற்றர்த் தட்டுகள் இரண்டை ஒட்டிச் செய்யப்படுவதால், அங்கே அந்த ஆபத்துக் குறைவு.

இவ்வளவும் இறுவட்டின் கதை. பிழை எங்கே என்று துணிவதற்கு ஒரு நேரிய சோதனை உண்டு. வாசிக்க மறுத்த இறுவட்டை அயலார் வீட்டுப் பொறியில் இட்டுப் பார்ப்பதும், அங்கே நன்றாக ஓடும் இறுவட்டொன்றைத் தம் பொறியில் இட்டுப் பார்ப்பதுமே அது. பாதிக்கப்பட்டது ஒரே இறுவட்டாயின் குற்றம் அதனது; எல்லாமே தடுமாறினால் குற்றம் பொறியினது. இந்த எளிய சோதனையைச் செய்யாமலே வில்லையைத் திருகிப் பார்த்துப் பொறியைக் கெடுத்துக்கொண்டோர் பலர்.

சொனி நிறுவனம் 1994 டிசெம்பரில் யப்பானில் வெளியிட்ட பிளேஸ்ரேசன் பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம்ப மாதிரிகளிலே, வில்லையைத் தாங்கும் வண்டி பிளாஸ்ரிக்கினாற் செய்யப்பட்டிருந்தது. அது மின்சாரம் வழங்கும் பகுதிக்கு அருகிலும் இருந்தது. வெப்பமும் தேய்வும் சேர்ந்து நாளடைவில் வண்டியைச் சற்றே சரியச் செய்தன. வில்லை இறுவட்டை நேராக நோக்க இயலாமற்போயிற்று. படங்கள் விக்கின, ஒலி தடைப்பட்டது. அப்போது பொறியின் சொந்தக்காரர் கண்ட பரிகாரம், பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடுவது! கேட்பதற்கு நகைப்பாக இருப்பினும் அதிலே நியாயம் இருந்தது. கவிழ்த்ததும் வண்டியின் பாரம் மறுபுறமாக அழுத்த, வில்லை ஏறக்குறைய உரிய நிலைக்கு வந்துவிடும். பின்வந்த மாதிரிகளிலே நிறுவனமே வில்லையை வெப்பத்திலிருந்து தள்ளி அமைத்தது.

2000ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்ரேசன் 2 பொறி 15 கோடிக்கு மேல் விற்பனையாகி வரலாறு படைத்தது. வாசிப்புப் பிழையிலும் பெயர்பெற்றது. அதிலே நோயை அறிய ஓர் அருமையான குறி இருந்தது. சீடி வகை ஆட்டங்களின் அடிப்பக்கம் நீல நிறமாகவும், டிவிடி வகையினது வெள்ளி நிறமாகவும் இருக்கும். இவ்விரு வகைக்கும் வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளி வேண்டும்: சீடிக்கு 780 நானோமீற்றர், டிவிடிக்கு 650. நீல இறுவட்டுகள் யாவும் ஓட, வெள்ளி இறுவட்டுகள் மட்டும் ஓடாவிடின், கீறல் அன்று, டிவிடியை வாசிக்கும் ஒளியே நலிந்துவிட்டது என்று ஐயுறலாம். திருத்துநரிடம் செல்வோர் இதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் வேலையிற் பாதி முடிந்தது.

பொறியின் தவறு பெருந்தொகைப் பணமாக மாறிய வரலாறு மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 பொறியினுடையது. 2005 நவெம்பரில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த இப்பொறியின் முகப்பில், விசையைச் சுற்றி நான்கு கூறுகளாக ஒளிவளையம் ஒன்று இருந்தது. நலமாயின் பச்சை. நான்கும் சிவந்தால் தொலைக்காட்சிக்குச் செல்லும் இணைப்பு வடம் கழன்றிருக்கின்றது, அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு சிவந்தால் சூடு மிகுந்துவிட்டது. மூன்று சிவந்தாலோ பொறி உள்ளுறுப்பில் வீழ்ந்துவிட்டது என்பது பொருள். அந்த மூன்று சிவப்பைக் கண்டவர் தொகை பெருகிப் பெருகி, 2007 யூலையில் நிறுவனம் அக்குறைபாட்டிற்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டியது. அதன் செலவுக்கென 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது.

காரணம் பற்றிப் பலரும் பலவாறு கூறினர். அக்காலத்தில், 2006 யூலை தொடக்கம், ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே ஈயமற்ற பற்றாசின்மீது பலர் பழி சுமத்தினர். 2021இல் மைக்ரோசொப்ட் தானே வெளியிட்ட விவரணப் படத்திலே நிறுவனத்தார் விளக்கம் அளித்தனர். உடைந்தவை சில்லு ஒன்றின் உள்ளே இருந்த நுண் இணைப்புகள். பொறியை இயக்கும்போது சூடேறி விரிதலும், நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்குதலும் நாள்தோறும் நிகழ, அவ்விணைப்புகள் களைத்து வெடித்தன. வளைத்து வளைத்து நிமிர்த்தும் கம்பி ஈற்றில் முறிவது போன்றதே இது.

பொறியைத் துவாயினாற் சுற்றிச் சூடேற்றினால் அது பிழைத்துக்கொள்ளும் என்றொரு கைமருத்துவம் அந்நாளிலே பரவியது. பற்றாசு உருகி மீள ஒட்டுகின்றது என்றார்கள். ஈயமற்ற பற்றாசு உருக 217 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். துவாய்க்குள் அது எங்ஙனம் வரும்? விரிசலுற்ற முனைகள் வெப்பத்தால் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். குளிர்ந்து சில நாள் சென்றதும் சிவப்பு மீண்டுவிடும். தீ விபத்துக்கு இடமுண்டாதலின் இது செய்யத்தகாத வேலையுமாகும்.

இதே பொறியின் மீதே, அது இறுவட்டைத் தானே கீறுகின்றது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வேகமாகச் சுழலும் தட்டு, பம்பரத்தைப் போலத் தன் அச்சை விட்டுக்கொடாது. பொறியைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைக்கலாம் என்றிருந்தமையால், ஓடிக்கொண்டிருக்கையிலே அதனைச் சாய்த்தோர் உண்டு. அப்போது தட்டு உள்ளுறுப்பில் உரசி, வட்ட வடிவான ஆழ்ந்த கீறலைப் பெறுகின்றது. முன்னர் கூறியவாறு மீட்சியற்ற கீறல் அது. பயன்படுத்துவோரின் கவனக்குறைவே காரணம் என்றும், ஆயிரத்தில் நால்வரே முறையிட்டனர் என்றும் நிறுவனம் வாதிட்டது. சிறு அதிர்வையும் தாங்காத அமைப்பே காரணம் என்றனர் வழக்காளிகள். 2011இல் தொடுத்த வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2017 யூன் மாதம் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்புக் கீறலைப் பற்றியதன்று! பலர் கூட்டாக வழக்காட மறுக்கப்பட்டால் எந்நிலையில் மேன்முறையீடு செய்யலாம் என்ற நடைமுறை வினாவிலேயே நிறுவனத்தின் பக்கம் தீர்ந்தது. கீறியது யார் என்பதை அம்மன்றம் சொல்லவில்லை.

இப்போது இறுவட்டே வேண்டாத பொறிகள் வந்துள்ளன. 2019இல் எக்ஸ்பொக்ஸ் வரிசையிலும் 2020இல் பிளேஸ்ரேசன் வரிசையிலும் வாசிப்பான் இல்லாத மாதிரிகள் வெளிவந்தன. அவற்றுக்கு ஆட்டம் இணையத்தின் வழியாகவே வருகின்றது. கீறல் என்னும் தொல்லை அங்கே இல்லை. ஆனால், இறுவட்டாக வாங்கிய ஆட்டத்தை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்தபின் அரைவிலைக்கு விற்கலாம். இணையத்தில் வாங்கியதை விற்க வழியில்லை. அத்தகைய மாதிரியை வாங்க எண்ணுவோர், பேழையிலே அடுக்கி வைத்திருக்கும் பழைய இறுவட்டுகளை முதலில் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நன்று.