தொலைதூரப் பணியும் மெய்நிகர்க் காட்சியும்

மனிதன் தன் சொல்லைத் தந்தியாலும், குரலைத் தொலைபேசியாலும், உருவத்தைத் தொலைக்காட்சியாலும் தூர தேசங்களுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டான். ஆயினும், தொழில் என்பது இம்மூன்றினால் மட்டும் நிறைவேறுவதன்று. பொருளை எதிரே வைத்துப் பார்த்தலும், சுற்றிவந்து ஆராய்தலும், கைவைத்து இயற்றலும் அதற்கு வேண்டும். இல்லாத இடத்தில் இருப்பதுபோற் பணியாற்றுதல் கூடுமோ என்னும் வினாவிற்கு விடைதேடி எழுந்தவையே மெய்நிகர்க் காட்சியும் மிகைமெய்க் காட்சியுமாம்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. புறவுலகைக் கண்ணிலிருந்து முற்றாக மறைத்து, கணினி படைத்த வேறோர் உலகைக் காட்டுவது மெய்நிகர்க் காட்சி. புறவுலகை உள்ளவாறே காணவிட்டு, அதன்மேற் கோடும் குறியும் எழுத்தும் பொருந்தத் தோன்றச் செய்வது மிகைமெய்க் காட்சி. இவற்றிற்கு முன்னோடியான தலையணிக் கருவியொன்றை 1968ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து செய்து காட்டினார். இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்களை அது காட்டிற்று. அணிந்தவர் தலையைத் திருப்புந்தோறும் படங்களும் அதற்கேற்ப மாறின.

மிகைமெய்க் காட்சி தொழிற்சாலைத் தேவையொன்றிலிருந்து வளர்ந்தது. விமானத்திற்குரிய மின்கம்பிகளைப் பெரும் பலகைகளின்மேல் வரைபடப்படி பரப்பிக் கட்டுதல் போயிங் கொம்பனித் தொழிலாளரின் வேலைகளுள் ஒன்று. தொம் கோடெல், டேவிட் மைசெல் என்னும் இருவர், கம்பி செல்லவேண்டிய வழியைத் தொழிலாளியின் கண்ணெதிரே ஒளிக்கோடாகக் காட்டலாம் என 1992இல் எழுதினர். இக்கருத்தே விரிந்து, இயந்திரத்தின் முன் நிற்பவர் காண்பதைத் தூரத்து வல்லுநரும் கண்டு, திருகவேண்டிய ஆணியைக் குறியிட்டுக் காட்டும் முறையாயிற்று.

இத்தகைய காட்சிகளின் பயனுக்குச் செவ்வாய்க் கிரகம் சிறந்த சான்றாகும். கியூரியோசிட்டி ஊர்தி அனுப்பிய படங்களைக்கொண்டு அக்கிரகத்தின் நிலப்பரப்பை உருவமைத்து, வெவ்வேறு ஊர்களிலுள்ள விஞ்ஞானிகள் அதன்மேல் ஒருங்கே நின்று பாறைகளைச் சுட்டி உரையாடும் ‘ஒன்சைற்’ என்னும் மென்பொருளை நாசா நிறுவனமும் மைக்ரோசொப்ற் கொம்பனியும் ஆக்கின. எவரும் காலடி வைத்திராத நிலம் அவர்தம் பணிக்களமாயிற்று.

ஆயின், தூரம் முற்றாக வெல்லப்பட்டதோ எனின், இல்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். 10,000 கிலோமீற்றர் போய்வரச் செக்கனில் 10இல் ஒரு பங்கு ஆகும். 2001ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலிருந்த வைத்தியர் ஜாக் மரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்த நோயாளியின் பித்தப்பையை இயந்திரக் கைகளால் அகற்றினார். தலையணிக் கருவி அதில் இடம்பெறவில்லை. எனினும், கையசைவிற்கும் அதன் விளைவு திரையிற் றோன்றுதற்கும் இடையே செக்கனில் ஏறத்தாழ 1000இல் 155 பங்கு கழிந்தது. நிதானமான கைக்கு இத்தாமதம் பொறுக்கத்தக்கது. தலை திரும்பியபின் காட்சி திரும்ப இத்துணை நேரமாயினோ, தலை சுற்றும். ஆதலால், தூரத்துக் களத்தின் உருவை முன்னரே பெற்று, அணிந்தவர் அருகிலுள்ள கணினியே காட்சியை வரைதல் வேண்டும்.

வேறு இடர்களும் உள. தோன்றும் பொருள் அண்மையிலிருப்பினும் சேய்மையிலிருப்பினும், கண்ணின் வில்லை ஒரே தூரத்திற்கே குவிதலால் கண் சோர்வுறும். விற்பனையும் எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. கூகிள் கொம்பனி தன் கண்ணாடிக் கருவியின் விற்பனையை 2023இல் நிறுத்தியது. மைக்ரோசொப்ற் கொம்பனி ‘ஹோலோலென்ஸ் 2’ கருவியின் உற்பத்தி முடிவுற்றதை 2024இல் அறிவித்தது.

இவற்றால் அறியத்தக்கது யாது? வெறும் உரையாடலுக்குத் தொலைபேசியே பெரும்பாலும் போதும். பலர் ஒருங்கு நோக்கவேண்டிய பொருளொன்று நடுவே இருக்கும்போதே இக்கருவிகள் பயன் தருகின்றன. அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தூரத்து வல்லுநர் காட்டும் கோட்டை மட்டும் பின்பற்றுபவன், நாளடைவில் பிறர் அறிவுக்குக் கைகொடுப்பவனாய் மட்டும் நின்றுவிடுவான். அக்கோடு ஏன் அவ்வழிச் செல்கிறதென வினவுபவனோ, கருவி கழற்றப்பட்ட பின்னும் தொழிலை அறிந்தவனாய் இருப்பான். தூரத்துக் கண்ணை ஆசிரியனாகக் கொள்வதா, எசமானாகக் கொள்வதா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதனை அணியும் கல்வியே தீர்மானிக்கும்.