திரையில் எழும் தமிழ் எண்கள்

கணினி விளையாட்டில் வீரன் ஒருவன் பகைவனைத் தாக்கிய அந்நொடியே, பகைவனின் தலைக்கு மேல் ஓர் எண் எழுந்து மறைவதைச் சிறுவர்கள் நன்கு அறிவர். அடியால் விளைந்த சேதத்தின் அளவே அவ்வெண். 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' இதனைச் சொற்றொடராக எழுதிக் காட்டிற்று. பின்னர் வந்த விளையாட்டுகள் பல, எண்ணை மட்டும் தாக்குண்டவன் மீதே காட்டலாயின.

கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு இத்தொழில் அயலானதன்று. 2023-இல் வெளிவந்து புகழ்பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை ஆக்கிய லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு பணிமனை உண்டு. அவ்விளையாட்டிலும் சேத எண்கள் எழுகின்றன. ஆயினும் அது வழங்கும் மொழிகளுள் தமிழ் இல்லை.

மொழிக்கு இடமில்லாத திரையில் எண்ணையேனும் தமிழாக்கலாகுமோ எனின், ஆகும். விளையாடுவோரே விளையாட்டைத் திருத்திக்கொள்ளும் 'மோட்' என்னும் மாற்றமைப்பு அதற்கு வழி செய்கிறது. சேத எண்ணின் நிறம், அளவு, எழுத்துரு ஆகியவற்றை இவ்வாறு மாற்றுவோர் பலர்.

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு குறியெண். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை. யூனிகோடு முறையில் ௦ முதல் ௯ வரையுள்ள தமிழ் இலக்கங்களுக்கு 3046 முதல் 3055 வரை. எனவே ஒவ்வொரு குறியெண்ணோடும் 2998-ஐக் கூட்டினால் தமிழ் இலக்கம் கிடைத்துவிடும். கூட்ட இடந்தராத விளையாட்டில், எழுத்துருவில் 1 இருக்கும் இடத்தில் ௧-இன் வடிவத்தை அமைத்துவிடலாம். 2004-இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' சேத எண்ணுக்கெனத் தனி எழுத்துருவைக் குறிக்க இடந்தருவதால், பிற எழுத்துகள் மாறாமலே இது கைகூடும்.

தமிழ்ச் சொற்களைத் திரையில் ஏற்றுவது இத்துணை எளிதன்று. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமைதல் வேண்டும். அதனை அறியாத மென்பொருளில் எழுத்து சிதையும். இலக்கமோ தனித்து நிற்பது. சிதைவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இனி, எந்த முறையில் எழுதுவது என்பதே தமிழாசிரியர் கருதத்தக்க வினா. பழைய முறையில் ௰, ௱, ௲ என்னும் குறிகள் பத்து, நூறு, ஆயிரத்தைக் குறிக்கும். அம்முறையில் 999 என்பது ௯௱௯௰௯ என ஐந்து குறிகளாகும். 1000 என்பதோ ௲ என ஒரே குறி. நொடிப்பொழுதில் மறையும் எண்ணை, விளையாடுபவன் முதலில் அதன் நீளத்தைக் கொண்டே மதிப்பிடுகிறான். நீண்டது சிறிதாகவும் குறுகியது பெரிதாகவும் இருப்பின் அவன் மயங்குவான். ௯௯௯, ௧௦௦௦ என இடமதிப்பு முறையில் எழுதினால் அம்மயக்கம் இல்லை. இதற்கு வேண்டிய தமிழ்ச் சுழியத்தை யூனிகோடு 2005-இல்தான் சேர்த்துக்கொண்டது. பழைய முறை பிழையானதன்று. நின்று படிக்கும் ஏட்டுக்கும் கல்வெட்டுக்கும் அது பொருந்தியது. ஓடும் திரைக்குப் பொருந்துவது இடமதிப்பே.

இதனால் விளையும் பயன் யாது? மலேசியாவிலும் தமிழகத்திலும் கணக்குப் பாடம் 1, 2, 3 என்னும் வடிவங்களிலேயே நடைபெறுகிறது. மொரீசியஸ் நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எண்கள் இன்றும் உள்ளன. அங்கே அவை கையில் புழங்குகின்றன. பிற இடங்களில் அவை பெரும்பாலும் பட்டியலாக மனப்பாடம் செய்யப்பட்டு, தேர்வுக்குப்பின் மறக்கப்படுகின்றன. எழுத்தை நிலைநிறுத்துவது தேவை. தான் கொடுத்த அடி ௧௭-ஆ ௭௧-ஆ என்று அறிய விரும்பும் சிறுவனுக்கு அத்தேவை உண்டு. எவரும் வற்புறுத்தாமலே அவன் ௧-க்கும் ௭-க்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்வான்.