முந்திய செய்தி

செய்தித்தாளின் பயனை யாவரும் அறிவர். அதன் குறையை ஆராய்வோர் சிலரே. பொய்யுரைக்கும் எண்ணம் சிறிதும் இல்லாத தாளும் விரைவு காரணமாகப் பொய்யுரைத்துவிடும். 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நிகழ்ந்ததனைக் காண்போம்.

அத்திங்கள் 14ஆம் நாள் இரவு, இங்கிலாந்திலிருந்து நியூயார்க் நகர் நோக்கிச் சென்ற டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறை ஒன்றில் மோதிற்று. விடியுமுன்னரே, 2 மணி 20 நிமிடத்தில், கடலுள் ஆழ்ந்தது. அன்று மாலை நியூயார்க்கில் வெளிவந்த 'ஈவினிங் சன்' என்னும் தாளோ, அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று பெரிய எழுத்தில் அறிவித்தது. கப்பலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்திற்கு இழுத்து வருகின்றனர் என்றும் செய்தி பரவிற்று. மறுநாள் இலண்டனில் 'டெய்லி மெயில்' இதழும் உயிர்ச்சேதம் இல்லை என்றே எழுதிற்று.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? கம்பியில்லாத் தந்தி அக்காலத்தில் புதியது; பல கப்பல்களின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்தன. பயணிகள் நலமா என்று கேட்ட வினாவும், வேறொரு கப்பலை ஹாலிபாக்ஸுக்கு இழுத்துச் செல்வதாக வந்த சொற்களும் இணைந்து ஒரே செய்தியாயின என்று பின்னர் விளக்கம் கூறினர். வினாவே விடையாக மாறிய விந்தையைப் பாருங்கள்! ஆயினும் தந்தியை மட்டும் பழித்தல் தகாது. விடுத்தவர் யார், எங்கிருந்து விடுத்தார் என்று உசாவியோர் அரியர். இக்கப்பல் மூழ்காது என்று கப்பல் கழகத்தார் காலையில் உறுதி கூறியிருந்தனர். மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. விரும்பிய செய்திக்குச் சான்று கேட்பார் யார்? ஒரு தாள் எழுதியதனைக் கண்டு மற்றொன்று எழுதிற்று. பத்துத் தாள்கள் கூறவே, பத்துச் சான்றுகள் உள்ளன போலத் தோன்றிற்று.

'நியூயார்க் டைம்ஸ்' இதழின் நிருவாக ஆசிரியர் கார் வான் ஆண்டா வேறு வழிச் சென்றார். உதவி வேண்டிய தந்தி இடையே நின்றது. பின்னர்க் கப்பலிலிருந்து ஓசையே இல்லை. அம்மௌனத்தைக் கொண்டு, கப்பல் மூழ்கியிருத்தல் வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்து வெளியிட்டார். புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணியும் இதனை அளவைநூலார் கருதலளவை என்பர். அவரும் கண்ணாற் கண்டிலர். அவர் துணிவை இன்றும் புகழ்கின்றனர்; கருதியது பிழைத்திருப்பின் இகழ்ந்திருப்பர்.

15ஆம் நாள் மாலையே கழகத்தார்க்கு உண்மை எட்டிற்று. 18ஆம் நாள் இரவு, தப்பியோரை ஏற்றிய கார்பேத்தியா என்னும் கப்பல் நியூயார்க் துறையை அடைந்தது. இறங்கியோர் ஏறத்தாழ 700 பேர். மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேர். மழையில் காத்து நின்ற பெருங்கூட்டத்துள், மூன்று நாட்களுக்கு முன் 'அனைவரும் நலம்' என்று படித்து மகிழ்ந்தோரும் இருந்திருப்பர்.