ஆயா கையில் கைப்பேசி



அந்தக் காலத்தில் கடுதாசி வந்தால், நம் பெரியவர்கள் பள்ளி வாத்தியாரையோ கிராணியையோ தேடிப் போவார்கள். அவர் படிக்க, இவர்கள் கண்கலங்கிக் கேட்பார்கள். இன்றோ பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கையில் கைப்பேசி இருக்கிறது. லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனின் முகத்தைப் பார்க்கிறார்கள். எழுதத் தெரியாவிட்டால் என்ன? வாட்ஸ்அப்பில் அழுத்திப் பேசினால் குரலே போய்ச் சேருகிறது. "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டு, பதில் குரல் வந்துவிட்டால் ஆயாவுக்கு அன்றைய மூட்டுவலி பாதி குறைந்த மாதிரி. இது நல்ல காரியம்தான்.

ஆனால் நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. கைப்பேசியை வாங்கிக் கொடுக்கிறோம், கற்றுக் கொடுப்பதில்லை. கோவிட் காலத்தில், 2020-லும் 2021-லும், கடை வாசலில் மைசெஜாத்ராவோடு பெரியவர்கள் தடுமாறி நின்றதைப் பார்த்தோமே! "கொடு தாத்தா" என்று பேரன் வெடுக்கென்று பிடுங்கித் தானே அழுத்திவிட்டான். வேலை முடிந்தது, தாத்தா கற்றுக்கொள்ளவில்லை.

இந்தத் தெரியாமையில்தான் திருடன் நுழைகிறான். "போலிஸ் பேசுறோம். உங்க பேர்ல கேஸ் இருக்கு. பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்துங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மிரட்டுவான். அல்லது கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்பான். சொன்னால் போச்சு! மழையிலும் பனியிலும் பாடுபட்டுச் சேர்த்த சேமநிதிக் காசு ஒரு நொடியில் பறந்துவிடும். பறிகொடுத்தவரோ, "பிள்ளைங்க திட்டுவாங்களே" என்று வாய் திறப்பதில்லை. அந்த வெட்கமே திருடனுக்குத் துணை.

ஆகவே பெரியவர்களே, மூன்றை மனத்தில் வையுங்கள். போலிசோ, நீதிமன்றமோ, வங்கியோ போனில் கூப்பிட்டுப் பணத்தை மாற்றச் சொல்லாது. அந்த ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடக் கூடாது. தப்பித்தவறி ஏமாந்துவிட்டால், உடனே வங்கிக்கோ 997-க்கோ போன் போடுங்கள். பிறகு போலிசில் புகார் செய்யுங்கள். 997, மோசடியைத் தடுக்க 2022-ல் அரசாங்கம் அமைத்த மையத்தின் எண். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிடும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். உங்கள் எண்ணோடு உங்கள் படத்தையும் சேர்த்து வையுங்கள். அவர்களே அழுத்தட்டும், நீங்கள் கூட இருந்து பாருங்கள். காசு போனது தெரிந்தாலும் முதலில் திட்டாதீர்கள். பத்து முறை கேட்டால் பத்து முறையும் சொல்லுங்கள்.

நமக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள். எத்தனை மரத்தில் காயம் போட்டோம்! அன்று அவர்கள் நம் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கவில்லை.